அண்டாவுக்கு ஒற்றை வளையல்

“பாத்திரக் கடைங்களா?”

காலை ஒன்பதேகால். பர்மாவின் பசுந்தாங் பேட்டைக் குறுக்குத் தெரு ஒன்றில், மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், ஃபக்ருன்னிசா அப்போதுதான் கடையின் இரும்புக் கதவை முக்கால்வாசி ஏற்றியிருந்தாள். கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

“ஆமா. நாற்காலியா, சாமியானாவா?”

“உங்க அண்டா எங்ககிட்ட இருக்கு.”

பெண் குரல். தமிழ்தான். ஆனால் பர்மிய மொழியில் முங்கி எழுந்து வந்த தமிழ்.

“எந்த அண்டா?”

“பெரிய செம்பு அண்டா. பத்திரமா இருக்கு. எங்க வளையலைக் குடுத்துட்டீங்கன்னா அண்டாவைக் குடுத்துடறோம்.”

ஆளைக் கடத்தி வைத்திருப்பவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். வேறொரு நாளாக இருந்தால் ஃபக்ருன்னிசா வாய்விட்டுச் சிரித்திருப்பாள். இன்று சிரிப்பு வரவில்லை. அவளுடைய வலது கை தானாகப் போய் இடது மணிக்கட்டை, முழுக்கை ரவிக்கையோடு சேர்த்து, இறுகப் பற்றிக்கொண்டது.

“நீங்க யாரு?”

“சாந்தி. ஊருக்கு வெளியே லைங் தாயாவுல இருக்கோம். எங்கப்பா பேரு அப்பாசாமி. எண்பத்தெட்டுல ஆடிக் கூழுக்கு உங்க வாப்பாகிட்ட அண்டா வாங்கிட்டுப் போனாரு. எங்கம்மாவோட ஜோடி வளையல்ல ஒண்ணைப் பிணையா வச்சிட்டு. உங்க கடை போட்டோவை ஃபேஸ்புக்ல பாத்தேன் அக்கா. மூணு மணிக்கு வந்துடறோம். அம்மாவும் வருது.”

“ரத்தினம் மாமி... இருக்காங்களா?”

“நல்லா இருக்கு. எம்பது வயசு. வளையல் இருக்குல்ல அக்கா?”

இருந்தது. சிக்கலே அதுதான். முப்பத்தேழு வருடமாக அது ஃபக்ருன்னிசாவின் இடது கையில் இருந்தது. எந்தச் சோப்புக்கும், எந்த எண்ணெய்க்கும் மசியாமல் இருந்தது.

“இருக்கு” என்றாள்.

அவளுடைய வாப்பா சாதிக் பாட்சா வாடகைக்குப் பாத்திரம் கொடுக்கும்போது பணத்தைப் பிணையாக வாங்கியதில்லை. கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினாலும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுவார்.

“முழுசா ஒரு பொருளை வாங்கினா அது விலை ஆயிடும். பாதியை வாங்கினாத்தான் பிணை” என்பார். “சங்கிலியை வச்சவன் அண்டாவை வித்துட்டுப் போயிடுவான். கெட்டில் மூடியை வச்சவன் மறுநாள் காலைல ஓடி வருவான்.”

அதனால் கடையின் கண்ணாடி அலமாரியில் பாதிப் பொருள்களாக இருக்கும். தையல் மெஷினின் கைப்பிடி. கேரம் போர்டின் ஸ்ட்ரைக்கர். ஒரு காதுக் கம்மல். ஒருத்தர் தன் மாமனாரின் கீழ்வரிசைப் பல்செட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். அந்தப் பாத்திரம் மறுநாள் பொழுது விடியுமுன்பே கழுவித் துடைத்துத் திரும்பி வந்துவிட்டது. பிணையாக வந்த பொருள் அடுத்தவர் நம்பிக் கொடுத்த அமானிதம், அதை யாரும் தொட்டு உபயோகிக்கக் கூடாது என்பது வாப்பாவின் இரண்டாவது சட்டம்.

அந்த ஆடி மாதத்தில் அப்பாசாமி கொண்டுவந்து வைத்தது ஒற்றை வளையல். பர்மாக்காரர்கள் கியவுக்செய்ன் என்கிற ஜேட் கல்லில் குடைந்தது. தளிர் வாழையிலையின் உட்பக்கம் போல ஒரு வெளிர்ப் பச்சை. உள்வட்டத்தில் மட்டும், தேயிலைச் சாறு ஒழுகிக் காய்ந்தது மாதிரி ஒரு மெல்லிய கோடு.

ஓடைக்கரை அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்காக அண்டா போனது. மூன்றாம் நாள் ராணுவ ஆட்சியை எதிர்த்து நகரம் கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, பேருந்துகள் நின்றன, தெருவில் கூட்டம் ஓடியது. அப்பாசாமியின் வீடு பூட்டிக் கிடப்பதாகச் சேதி வந்தது. யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாள்களில், பத்தொன்பது வயது ஃபக்ருன்னிசாவுக்குப் பொழுது போகவில்லை. ஒரு பிற்பகலில், குழாயடியில் சோப்பு நுரையோடு, அந்த வளையலைக் கையில் போட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு நிமிடத்துக்குத்தான். வளையல் ரொம்ப நாள் காத்திருந்தது போல வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

சாயங்காலம் வாப்பா பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தாள். அவர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரி, அலமாரிக்கு இனிமே பூட்டு வேணாம். உன் கையே பிணை. அவுங்க வர்ற வரைக்கும் இந்தக் கை இந்தக் கடையில இருக்கணும்” என்றார்.

கோபத்தில் சொன்னாரா, விளையாட்டுக்குச் சொன்னாரா என்று அவள் கேட்டதே இல்லை. தம்பி நசீர் பினாங்குக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. மௌல்மீனிலிருந்து பெண் கேட்டு வந்த வாஜித்திடம், “பொண்ணு பசுந்தாங்கை விட்டு வராது, மாப்பிள்ளை வர்றதுன்னா வரலாம்” என்று உம்மாவைச் சொல்ல வைத்தாள். அந்த மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேவிட்டார். நிக்காஹ் அன்று மருதாணிக் கையில் அந்த வளையலைப் பார்த்து, “இது யார் வீட்டுது?” என்று கேட்டார். “கூழ் ஊத்துனவங்க வீட்டுது” என்றாள். அவர் விழித்த விழிப்பை நினைத்து அப்புறம் இருபத்தெட்டு வருடம் இரண்டு பேரும் சிரித்திருக்கிறார்கள். இப்போது அவர் போய் நாலு வருடம் ஆகிறது. வாப்பா போய் இருபது.

மணி பத்தானது. குளியலறையில் சோப்பு, தேங்காயெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் என்று ஒவ்வொன்றாகத் தோற்றன. கட்டைவிரலின் அடிமூட்டில் வளையல் வந்து முட்டி நின்றது. தோல் சிவந்து, பிறகு கன்றிப் போனது. பத்தொன்பது வயதுக் கையே விடாததை ஐம்பத்தாறு வயதுக் கை விட்டுவிடுமா?

உடைத்தால் வரும். அதற்கு ஒரு சுத்தியல் போதும். ஆனால், “எந்த வருசம் வந்தாலும் உங்க பொருள் முழுசா இருக்கும்” என்று வாப்பா அப்பாசாமியிடம் சொன்னபோது, பக்கத்தில் நின்று காதால் கேட்டவள் அவள். வாப்பாவின் வாக்கு இப்போது அவளுடைய கட்டைவிரல் மூட்டில் மாட்டிக்கொண்டு நின்றது.

அவள் கதவை இறக்கிவிட்டு நகர நடுவில் இருக்கும் கியாக்டடாவுக்குப் பேருந்து ஏறினாள்.

சூலே பகோடா பக்கத்துச் சந்தில் வளையல் கடை வைத்திருந்த டோ சான் யீ, கன்னத்தில் தனாக்கா மரச்சாந்து பூசிய, கறாரான பர்மியக் கிழவி. ஃபக்ருன்னிசாவின் கையை வாங்கித் திருப்பி, வளையலின் உள்பக்கத்தையும் பார்த்து, ஒரு தடவை அழுத்தி, உச்சுக் கொட்டினாள்.

“வராது. வீங்க வச்சிருக்கே. ஒரு வாரம் விட்டுட்டு வா, பாக்கலாம்.”

“மூணு மணிக்கு வேணும். வளையலுக்குச் சொந்தக்கார அம்மா வர்றாங்க.”

“அப்ப அறுத்துடலாம். ரெண்டு துண்டா வரும். தங்கப் பூண் போட்டு ஒட்டித் தர்றேன்.”

“முழுசா வேணும், டோ சான் யீ.”

“முழுசா வேணும்னா கையைத்தான் அறுக்கணும்” என்றாள் கிழவி. பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு வளையலை எடுத்து மேசையில் வைத்தாள். “இதைப் பாரு. போட்டுக்காம இருந்திருந்தா உன்னோடது இந்த நிறத்துலதான் இருந்திருக்கும்.”

வெளிர்ப் பச்சை. அதே கனம், அதே வட்டம். எண்பத்தெட்டில் அப்பாசாமியின் துண்டிலிருந்து வெளியே வந்த வளையலே மறுபடி வந்தது போல இருந்தது. ஃபக்ருன்னிசாவின் கையில் இருந்ததோ இன்று கரும்பச்சை. அத்தனை வருட வியர்வையும் எண்ணெயும் குடித்து இருண்டுவிட்டது.

“உள்ளே கோடு மட்டும் இதுல இல்லை” என்றாள் டோ சான் யீ. “வர்ற அம்மாவுக்கு வயசென்ன?”

“எம்பது.”

“எம்பது வயசுக் கண்ணுக்குக் கோடு தெரியவா போகுது?”

ஃபக்ருன்னிசா அந்த வளையலைக் கையில் எடுத்துக்கொண்டாள். கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறேன், பிடித்திருந்தால் நாளைக்கு விலை பேசிக்கொள்ளலாம் என்றாள். டோ சான் யீ உள்ளங்கையை நீட்டினாள். சும்மா கொடுத்தனுப்ப அவள் என்ன சம்பந்தியா?

ஃபக்ருன்னிசா ஒரு காதுக் கம்மலைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள்.

“ஒண்ணுதானா?”

“ஒண்ணு போதும். வந்துடுவேன்.”

கிழவி ஒற்றைக் கம்மலையும், எதிரே வெறுமையாய் நின்ற காதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “யாரோ கெட்டிக்காரன் உனக்குச் சொல்லிக் குடுத்திருக்கான்” என்றாள்.

மூன்று அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு சின்ன வேன் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் கயிறு கட்டி உட்கார வைத்திருந்த அண்டாவைப் பார்த்ததும் ஃபக்ருன்னிசாவின் நெஞ்சு ஒரு அடி முன்னால் போனது. அதே வாய்விளிம்பு. அதே இரட்டைக் காது. அடியில் மட்டும் புதிதாக இரண்டு ஒட்டு, பித்தளையில்.

“அக்கா!” தடித்த, சிரித்த முகமுள்ள ஒருத்தி குதித்து இறங்கினாள். “நான்தான் சாந்தி. பாத்தீங்களா, சொன்ன மாதிரி பத்திரமா இருக்கு. நல்லா உபயோகப்படுத்தினோம், அதை ஒளிக்க மாட்டேன். முன்னாடி தனத்பின் பக்கம் வயக்காட்டு ஆளுங்களுக்குச் சோறு. அப்புறம் லைங் தாயாவுல கார்மெண்ட் பொண்ணுங்களுக்குச் சோறு. எங்க நாலு பேரையும் அந்த அண்டாதான் வளத்துச்சு.”

“வாடகை கணக்குப் போட்டா கியாக்டடாவையே எழுதி வாங்கணும் போலிருக்கே.”

“எங்கப்பா அதுக்குப் பயந்துதான் வரவே இல்லை! வருசா வருசம் ஆடி வந்தா, போகணும் போகணும்னு சொல்லுவாரு. வருசா வருசம் வெக்கம் ஒரு படி கூடிடும். அப்படியே போய்ச் சேந்துட்டாரு.” சாந்தி சட்டென்று நிறுத்தினாள். “அக்கா, ஒரு காதுல கம்மல் இல்லையே?”

“எங்கேயோ விழுந்துடுச்சு.”

“அய்யய்யோ. தேடுனீங்களா?”

“தேடணும்.”

ரத்தினம்மாள் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் மடங்காததால் இறங்கவில்லை. கதவு திறந்ததும் அந்த முகம் ஃபக்ருன்னிசா நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துச் சிரித்தது. இரண்டு கண்ணிலும் பால் படர்ந்திருந்தது.

“பாய் மவளா? கிட்ட வா புள்ள. எனக்கு வெளிச்சமும் நிழலும்தான் தெரியுது.”

எண்பது வயதுக் கண் என்று டோ சான் யீ சொன்னது ஃபக்ருன்னிசாவுக்கு நினைவு வந்தது. கோட்டைப் பார்க்க அங்கே கண்ணே இல்லை. அவளுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே பிடிக்கவில்லை.

“பேத்தி ராணிக்கு ஞாயித்துக்கிழமை கல்யாணம்” என்றாள் ரத்தினம்மாள். “ரெண்டு கையிலயும் போட்டு அனுப்பணும்னு ஆசை. ஒண்ணை இத்தனை நாள் பெட்டியிலயே வச்சிருந்தேன். ஒத்தையா போட மனசு வரலை.” இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு வளையலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளிர்ப் பச்சை. “எங்கே, அதோட ஜோடி?”

ஃபக்ருன்னிசா கைப்பையைத் திறந்தாள். டோ சான் யீயின் வளையலை எடுத்து அந்தச் சுருங்கிய உள்ளங்கையில் வைத்தாள்.

சாந்தி எட்டிப் பார்த்தாள். “அம்மா! அப்படியே ஜோடி! ஒரு இம்மி வித்தியாசம் இல்லை. நேத்து வச்சி இன்னிக்கி எடுத்த மாதிரி இருக்கு.”

ரத்தினம்மாள் இரண்டையும் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். பால் படர்ந்த கண்களிலிருந்து நீர் வழிந்தது. “பாய் சொன்னாரு, முழுசா இருக்கும்னு சொன்னாரு. எங்க வீட்டு மனுசன் சாகுற அன்னிக்கிக்கூட, ‘பாய் ஏமாத்த மாட்டாரு, நாமதான் ஏமாத்திட்டோம்’னு சொன்னாரு புள்ள.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். “உள்ளே அந்தத் தேயிலைக் கோடு இருக்கா? எங்கம்மா அதைக் காட்டித்தான் எனக்குப் போட்டுவிட்டா.”

சாந்தி, “இரு, பாக்கறேன்” என்று குனிந்தாள்.

இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாந்திக்குக் கோடு எங்கே இருக்கும் என்று தெரியாது. கிழவிக்குக் கண் தெரியாது. வேன் போய்விடும். ராணியின் கையில் ஜோடிப் பொருத்தமாக இரண்டு வளையல் ஏறும், யாருக்கும் ஒன்றும் குறையாது.

“இருக்கு மாமி” என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது. “கோடு இருக்கு. ஆனா அதுல இல்லை.”

ரவிக்கையின் இடது கையை முழங்கை வரை ஏற்றினாள். ரத்தினம்மாளின் விரல்களைப் பிடித்துத் தன் மணிக்கட்டின் மேல் வைத்தாள்.

விரல்கள் வளையலைச் சுற்றி ஒரு வட்டம் போயின. இன்னொரு வட்டம். தோலுக்கும் கல்லுக்கும் நடுவே நகத்தை நுழைத்து எதையோ தேடின. நின்றன.

“போட்டுக்கிட்டியா?”

“ஒரு நிமிசத்துக்குன்னு போட்டேன் மாமி. கழலலை. இன்னிக்கி வரைக்கும் கழலலை. நான் இப்போ உங்க கையில வச்சது கடையில வாங்கி வந்தது. காதுக் கம்மலை அங்கே வச்சிட்டு வந்தேன். மன்னிச்சுக்குங்க.”

சாந்தி வாயைப் பிளந்தபடி நின்றாள். தெருவில் ஒரு சைக்கா ரிக்‌ஷாக்காரன் வேனைத் தாண்ட முடியாமல் மணியடித்துத் திட்டிக்கொண்டிருந்தான்.

ரத்தினம்மாளின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் ஃபக்ருன்னிசா நினைத்தாள்.

“திருட்டுக் களுதை” என்றாள் கிழவி, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியபடி. “எங்க ஆளு வாடகைக்குப் பயந்து ஊரு ஊரா ஓடுறாரு, இங்க ஒருத்தி வளையலுக்குப் பயந்து ஓடாமயே உக்காந்திருக்கா! எல்லாம் கூட்டுக் களவாணிங்க. சாந்தி, அந்த இட்லித் துணியெல்லாம் வச்சிருக்கியே, பையில மெல்லிசா பிளாஸ்டிக் கவர் இருக்கா பாரு. ஷாம்பு பாக்கெட் வாங்கிட்டு வா. ரெண்டு.”

“அம்மா, கை வீங்கியிருக்கு.”

“கண்ணுதான் போச்சு. விரலு போகலை. என் கையில இதை நாலு தடவை கழட்டியிருக்கேன்.”

அவள் ஃபக்ருன்னிசாவைச் சீட்டின் ஓரத்தில் உட்கார வைத்தாள். கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வீக்கம் வடியக் காத்திருந்தாள். அப்புறம் பிளாஸ்டிக் கவரைக் கையுறை மாதிரி மாட்டி, வளையலுக்கு அடியில் அதை இழுத்து நுழைத்து, மேலே ஷாம்புவைப் பிழிந்தாள்.

“உங்க வாப்பா தலையில ஒரு தொப்பி வச்சிருப்பாரே, என்ன கலரு?”

“காப்பிக் கலர். ஓரத்துல பிரிஞ்சிருக்கும்.”

“யாரு தைக்க மாட்டேன்னா?”

“அவர்தான். தைச்சா தொப்பி மாறிடும்னு...” கட்டைவிரலின் அடி உள்ளங்கைக்குள் மடங்கியது. “தொப்பி மாறிடும்பாரு. பெருநாளைக்குப் புதுசு வாங்கிக் குடுத்தா அதை அலமாரியில வச்சிட்டு...”

“அண்டாவை யாரு தேய்ப்பா?”

“நானும் நசீரும். புளி போட்டு. அவன் உள்ளே இறங்கி நின்னுக்குவான், உள்ளேயிருந்து பாடுவான், அப்போ அண்டா முழுக்க...”

பளீரென்று ஒரு வலி. ஃபக்ருன்னிசா கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ரத்தினம்மாளின் கையில் வளையல் இருந்தது. முழுசாக.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். பார்க்க முடியாதவள் விரலால் பார்த்தாள். கோடு இருந்த இடத்தில் பெருவிரல் நின்றது.

“அம்மா” என்றாள் சாந்தி தயங்கியபடி. “ஜோடி சேராதும்மா. ஒண்ணு இளம்பச்சை. இது கரும்பச்சையா ஆயிடுச்சு. கடை வளையல்தான் பொருத்தமா இருக்கு.”

“நல்லாக் கறுத்திருக்கா?”

“நல்லா.”

“அப்ப நல்லாப் பாத்துக்கிட்டிருக்கா.” ரத்தினம்மாள் கடை வளையலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் இரண்டையும் சுருக்குப் பையில் போட்டு இறுக்கினாள். “பெட்டியில வச்சது வெளுத்தே கிடக்கு. மண்டபத்துல கேக்குறவங்க கேக்கட்டும். கூட்டிட்டு வந்து இவளைக் காட்டுறேன். ஞாயித்துக்கிழமை வருவியா புள்ள?”

“லைங் தாயாவுக்கா?”

“பின்னே? கையைக் கட்டிப்போட்டிருந்தது போயிடுச்சே. இனிமே என்ன சாக்கு?”

“வர்றேன் மாமி” என்றாள் ஃபக்ருன்னிசா. டோ சான் யீயின் வளையலைக் கைப்பைக்குள் வைத்தாள். அண்டாவை நாலு பேர் சேர்ந்து இறக்கிக் கடை வழியே படிக்கட்டின் அடிக்கு உருட்டினார்கள். அடியில் இருந்த ஒட்டைத் தடவிப் பார்த்தாள். நல்ல வேலை. வாப்பா பார்த்திருந்தால் ஆள் யாரென்று விசாரித்திருப்பார். வேன் திரும்பும்போது ரத்தினம்மாள் ஜன்னலில் கையை நீட்டி, அவள் நிற்காத பக்கம் பார்த்து ஆட்டிக்கொண்டே போனாள்.

மூன்றாம் மாடியில்தான் ஃபக்ருன்னிசாவின் வீடு. இடது கை எடையில்லாமல், தானாக மேலே மேலே எழும்பியது. மணிக்கட்டில் வளையல் இருந்த இடத்தில் தோல் குழந்தையின் தோல் மாதிரி வெளுத்து ஈரமாக இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறினாள்.

இரண்டாம் மாடியில், அவளை அக்கா முறையில் ‘லாத்தா’ என்றழைத்துத் தினமும் டீ போட்டுக் கொடுக்கும் அஸ்மாவின் கதவு சாத்தியிருந்தது. இந்த நேரத்தில் திறந்திருக்குமே என்று தட்டினாள். உள்ளே ஏதோ விழுந்த சத்தம்.

“யாரு? லாத்தாவா! அல்லா, என்ன இது, பூனை மாதிரி வந்து நிக்கிறீங்க? கம்பியில டக்கு டக்குன்னு வளையல் சத்தம் கேட்டாத்தானே நான் கெட்டிலை அடுப்புல வைப்பேன்?”

ஃபக்ருன்னிசா கையைத் தூக்கிக் காட்டினாள்.

அஸ்மா வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். கதை பெரிது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவை அகலத் திறந்தாள்.

“வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களா?”

“போயிட்டாங்க.”

“அப்ப இனிமே நீங்க வர்றது எனக்கு எப்படித் தெரியும்?”

“பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன்.”

“எங்கே, கூப்பிடுங்க பாக்கலாம். கீழேருந்து கூப்பிடுற மாதிரி.”

ஃபக்ருன்னிசா படிக்கட்டின் குழிக்குள் எட்டிப் பார்த்து, வயிற்றிலிருந்து, “அஸ்மா!” என்று ஒரு குரல் விட்டாள். அது தரைத்தளம் வரை போய் அண்டாவுக்குள் விழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பெரிதாகித் திரும்பி வந்தது. முதல் மாடியில் யாரோ பர்மிய மொழியில் என்ன ஆச்சு என்று கத்தினார்கள்.

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றாள் அஸ்மா, கெட்டிலை எடுக்க ஓடியபடி.